மிளகு முயல்கள்

தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தைக்கத் தெரியும் என்று இந்த உலகம் நம்புகிறது. அப்போது நானும் நம்பினேன். உண்மையில் எனக்குத் தைக்கத் தெரிந்தது தலையணை உறை மட்டும்தான்.

என்னை நம்பி மாட்டிக்கொண்டவர் பக்கத்து வீட்டு மேர்ஸி சேச்சி. அவர்கள் சர்ச்சில் ஈஸ்டருக்கு ஒரு போட்டி. ஒவ்வொரு யூனிட்டும் (ஒரு தெருவின் சர்ச் குடும்பங்கள் சேர்ந்தது ஒரு யூனிட்) வீட்டில் மிஞ்சிய துணியில் தோரணம், முயல், முட்டை என்று தைத்து ஹாலில் தன் மூலையை அலங்கரிக்க வேண்டும். முந்தைய வருஷம் சேச்சியின் யூனிட் கடைசி. ஜெயித்த லில்லி சேச்சி, ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவங்களுக்குப் போட்டி எதுக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மேர்ஸி சேச்சி கொதித்துக்கொண்டிருந்தார்.

"மோளே, நீ தைச்சுத் தருமோ? இந்தத் தடவையும் தோத்தா நான் இடக்கொச்சி சர்ச்சுக்குத்தான் போகணும்."

எங்களோடு பேசிப் பேசி அவருக்கு வந்த தமிழ் அது. (எங்களுக்கு வந்த மலையாளமும் அதே லட்சணம்தான்.)

"முயல்தானே சேச்சி? கண்ணை மூடிக்கிட்டே தைப்பேன்!"

தைத்து முடித்த முயல்களைப் பார்த்தவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். நைட்டித் துணியில் உடம்பு, அப்பாவின் பழைய லுங்கியில் காது. ஒன்றுக்குக் காது தொங்கி ஆட்டுக்குட்டியாகிவிட்டது. (பைபிளில் ஆடும் இருக்கிறதே என்று சமாளித்தேன்.)

துக்கவெள்ளி (தமிழில் பெரிய வெள்ளி) அன்று முயலுக்குள் அடைக்கிற பஞ்சு தீர்ந்துபோனது. ஒரு கடையும் திறக்கவில்லை. பின்வாசலில் ஒரு சாக்கு இருந்தது. அப்பாவுக்கு மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு குடோனில் வேலை. மிளகைத் தூற்றும்போது பறக்கிற பதரையும் தூசியையும் வாழைக்கு உரமாகப் போடக் கொண்டுவந்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. அள்ளி அடைத்துவிட்டேன். நெடி? அப்பாவின் சட்டையிலிருந்து எங்கள் சோறு வரைக்கும் மிளகு வாசம்தான். நாங்கள் மூக்கு மரத்துப்போன குடும்பம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் கொண்டுபோய்த் தொங்கவிட்டோம். எதிர் மூலையில் லில்லி சேச்சியின் முயல்கள் அரிசி அடைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. அவரைப் பார்த்து மற்ற யூனிட்டுகளும் அரிசியே அடைத்திருந்தன.

சர்ச் பாதிரியார் பார்வையிட வந்தார். (இங்கே அச்சன் என்போம்.) பாவம், நல்ல மனுஷர். என் ஆட்டுக்காது முயலைக் கையில் எடுத்து, "இது... பன்னியோ?" என்று அன்போடு ஓர் அழுத்து அழுத்தினார். தையல் விட்டது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அச்சன் தும்மினார். பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் தும்மினார்கள், அதுவும் சுருதி சேர்ந்து. "ஈஸ்டருக்கா இது, யுத்தத்துக்கா?" என்று தும்மலுக்கு நடுவே கத்தினார் லில்லி சேச்சி. மேர்ஸி சேச்சியின் கண்ணில் தண்ணீர். மிளகாலா, மானம் போனதாலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அழுகை அழுகையாக வந்தது. அந்த முயல்களைக் கழற்றக்கூட யாரும் கிட்டே போகவில்லை. அப்படியே ஹாலைப் பூட்டிவிட்டார்கள்.

ஞாயிறு காலையில் எங்கள் கதவு இடிபட்டது. "எடீ, ஓடி வா!" மேர்ஸி சேச்சிதான். திட்டு வாங்கத் தயாராக அவர் பின்னால் ஹாலுக்குப் போனேன்.

மட்டாஞ்சேரி எலிகள் குடோன்களில் தின்று வளர்ந்தவை. அரிசி கிடைத்தால் விடுமா? லில்லி சேச்சியின் முயல்களுக்கு வயிறே இல்லை. மற்ற யூனிட்டுகளின் முட்டைகள் கந்தலாகக் கிடந்தன. எங்கள் மூலையில் மட்டும் லுங்கிக் காதுகள் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு மூக்கு எலிகளுக்கு வாய்க்கவில்லை.

அச்சன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலில் நின்றபடியே அறிவித்தார்: "ஒண்ணாம் சம்மானம், மேர்ஸியோட யூனிட்!" (முதல் பரிசு!)

சேச்சி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார். அப்புறம் திரும்பி, "லில்லி, இனி ஊசியில நூல் கோக்கணும்னா எங்க மோள்கிட்ட வந்து படிச்சோ!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அந்தத் தெருவில் நான்தான் ராணி.

பரிசாக வந்த குக்கர் இன்னும் சேச்சியின் கண்ணாடி அலமாரியில் அடுப்பேறாமல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து யார் தும்மினாலும் அப்பா "நூறு ஆயுசு" என்று சொல்வதில்லை, "ஒண்ணாம் சம்மானம்!" என்றுதான் கத்துவார். காக்கநாட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர் வாசற்படியிலேயே தும்மினார். அப்பாவும் உள்ளிருந்து கத்தினார். வந்தவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து முகம் மலர்ந்துவிட்டார். கல்யாணமாகியும், அது ஆட்டுக்காது முயலுக்குக் கிடைத்த பட்டம் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.