வருங்காலவாசியும் ஐயாயிரம் கோழிகளும்

நேற்றையே நினைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் உண்டு. இன்றைக்கு வாழ்ந்து தொலைக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று சேலம், நாமக்கல் பக்கம் சமீபகாலமாகப் பெருகி வருகிறது. வருங்காலவாசி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இவர் குடியிருப்பது இரண்டாயிரத்து நாற்பதாம் ஆண்டில். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் நம்முடைய ஆண்டுக்கு வந்து போகிறார்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மஞ்சள் என்ன விலைக்குப் போயிற்று என்று நீங்கள் கேட்டால், "ரெண்டாயிரத்து நாப்பதுல மஞ்சளெல்லாம் லேப்லதானுங்க வெளையும்" என்பார். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரித்து, அந்த வேலையை மிஷின் பிடுங்கிக்கொள்ள இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று கணக்குச் சொல்லி, பெண்ணைப் பெற்றவருக்குத் தொண்டையில் சோறு இறங்காமல் செய்துவிட்டு, தான் மட்டும் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொள்வார். இழவு வீட்டுக்குப் போனாலும் சும்மா இருக்க மாட்டார். "மூணு நாளைக்கு முன்னாலயே சொல்லிப்போடற கடிகாரம் வந்திருச்சுங்க. நீங்கதான் வாங்கிக் கட்டல" என்பார். யாரிடம்? பாடையைத் தூக்கப்போகிற மகனிடம்.

இந்த இனத்துக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் குமாரசாமியைப் பாருங்கள். ஐயாயிரம் முட்டைக்கோழிகள் வளர்க்கிறார். தப்பு. ஐயாயிரம் கோழிகளை அவர் மனைவி தமிழ்ச்செல்வியும், இருபது வருஷமாக அங்கேயே வேலை பார்க்கும் பொன்னனும் வளர்க்கிறார்கள். குமாரசாமி செல்போனை வளர்க்கிறார்.

இயற்கை மீது அவருக்கு உயிர். கோழி ஷெட்டுக்கு மேற்கே ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. கூரையில் சூரியப் பலகை மாட்டியபோது, அதன் மேல் நிழல் விழுகிறது என்று மரத்தை வெட்டினார். நிழல் போனதும் ஷெட்டு அடுப்பாகக் கொதித்தது. கொதிப்பைத் தணிக்கப் பன்னிரண்டு பெரிய ஃபேன்களும் தண்ணீரைப் புகையாகத் தூவும் குழாய்களும் போட்டார். அவற்றில் பாதி ஓடுவதற்குச் சூரியப் பலகை கரண்டு கொடுக்கிறது. மீதிக்கு மின்சார வாரியம். வெட்டிய மரத்துக்கு ஈடாக எங்கேயோ ஒரு மரம் நடப்பட்டதாகச் செல்போனில் ஒரு சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு, சரியாக அந்த மரம் இருந்த பக்கத்துச் சுவரில் மாட்டினார். சாயங்கால வெயில் நேராக அதன் மேல்தான் விழும்.

இதற்கு மேல்தான் அவருடைய உச்ச சாதனை. ஃபேனும் தண்ணீரும் தாமாகவே ஓடி, தாமாகவே நிற்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்கி மாட்டினார். மாட்ட வந்த ஆள், "கையால போடற சுவிட்சும் இருக்கட்டுங்க சார்" என்றான். குமாரசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனுசன் கை பட்டாத்தானப்பா தப்பே நடக்குது. களட்டிப் போடு" என்றார். கழற்றிப் போட்டான்.

பொன்னன் தலையைச் சொறிந்தான். "கோழி வாயைப் பொளந்துச்சுன்னா சூடுன்னு அர்த்தமுங்க. அதைப் பாத்துத்தானுங்க நான் தண்ணி உடுவேன்."

"கோழி சொல்றதையெல்லாம் கேக்காதே பொன்னா. சென்சார் சொல்றதைக் கேளு."

இப்படிப்பட்டவரை ஊர் எத்தனை நாள் கவனிக்காமல் இருக்கும்? வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு. 'மனிதன், இயந்திரம், இயற்கை: மூவரும் கூடி வாழும் தாக்குப்பிடிக்கும் எதிர்காலம்' என்று மேடை முழுக்கப் பேனர். குமாரசாமி முன்மாதிரி விவசாயி. ஏசியின் குளிரில் மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் பொன்னாடையை இறுக்கிப் போர்த்தியிருந்தார்கள். பொன்னாடை உபயோகப்பட்டது அன்றைக்குத்தான்.

படம் காட்ட லேப்டாப் தயாராக இருந்தது. குமாரசாமி வேண்டாம் என்றார். "லேப்டாப்பெல்லாம் பழசுங்க" என்று தன் செல்போனையே, சுவரில் இருந்த பெரிய திரைக்குப் படம் காட்டும் கருவியோடு கம்பியில்லாமல் இணைத்தார். சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டார். நாகரிகம் தெரிந்தவர் அல்லவா?

பேசக் கூப்பிடுவதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தமிழ்ச்செல்வியின் அழைப்பு வந்தது. மேடையின் ஓரத்துக்குப் போய்ப் பேசினார்.

"ஏனுங்க, கரண்டு போயிட்டு வந்துச்சுங்க. அந்தப் பொட்டி புதுசா நம்பர் கேக்குது. ஒரு ஃபேனும் ஓடல. கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு இளைக்குதுங்க. நம்பர் உங்க போனுக்குத்தான் வருமாமா. சொல்லுங்க, அமுத்திப்போடறேன்."

"அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கான் புள்ள."

"நான் யாரோவாங்க?"

"பொண்டாட்டியத் தவிரன்னு போடலியே."

அந்தப் பக்கம் ஐயாயிரம் கோழிகள் மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. குமாரசாமி வாசலைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் ஒலிபெருக்கி அவர் பெயரை, முன்னால் 'தொழில்நுட்பச் செம்மல்' என்று சேர்த்துச் சொன்னது. எந்த மனிதன் தாங்குவான்? "பத்து நிமிசம் பொறு. அது அறிவுள்ள பொட்டி. தானா சரியாயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பேச்சு அருமையாகத் தொடங்கியது. திரையில் அவருடைய ஷெட்டு, ஃபேன்கள், நீலமும் பச்சையுமாக வரைபடங்கள். செல்போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "என்ற பண்ணையில கோழிக்கு வேர்க்கறதுக்கு முன்னாலயே பொட்டிக்கு வேர்த்துப்போடுமுங்க!" என்றார். கைதட்டல்.

அப்போது திரையில் வரைபடத்துக்கு மேலே ஒரு பட்டை இறங்கியது. 'ஹோம் சப்போர்ட் அழைக்கிறது.'

தன் மனைவியின் எண்ணை அவர் அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தார். கூட்டம் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. பட்டை போனது, மறுபடி வந்தது, போனது, வந்தது. ஏழாவது தடவை முன்வரிசையில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். தன் நகைச்சுவை எடுபடுகிறது என்று குமாரசாமி குரலை உயர்த்தினார்.

மூன்றாவது வரிசையில் பக்கத்துப் பண்ணைக்காரி சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். அவள் செல்போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்ததும் தமிழ்ச்செல்வியின் அழுகுரல். பண்ணையில் பொன்னனும் தமிழ்ச்செல்வியும் சாக்குகளை நனைத்து ஷெட்டைச் சுற்றித் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் வீசிக்கொண்டிருக்கிறார்கள். ஐயாயிரம் கோழிக்கு இரண்டு குடம் எந்த மூலைக்கு? ஓரக் கூண்டுகளில் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட ஆரம்பித்துவிட்டன.

சௌந்தர்யா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் தெளிந்தது.

"அக்கா, அழுவாதீங்க. நீங்க மறுபடி நம்பர் கேட்டு அமுத்துங்க. இங்க செவுத்துல சினிமாவாட்டம் வரும். நான் பாத்துச் சொல்றேன்."

தமிழ்ச்செல்வி அமுத்தினாள். அடுத்த வினாடி, பத்தடி அகலத் திரையில், முழுக் கூட்டமும் படிக்கும்படி அது வந்து நின்றது. ஆறு எண்கள். கீழே, 'இரண்டு நிமிடம் மட்டும் செல்லும். யாருடனும் பகிர வேண்டாம்.'

"நாலு!" என்று கத்தினாள் சௌந்தர்யா. "ஏழு!"

குமாரசாமி திடுக்கிட்டுத் திரும்பினார். அவருடைய ரகசியம், அவருடைய பாதுகாப்பு, அவர் பொண்டாட்டிக்கும் சொல்லாத எண், முந்நூறு பேருக்கு முன்னால் பப்பரப்பே என்று நின்றது. ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்துத் திரையை மறைத்தார். "யாரும் படிக்காதீங்க! விதிமுறை இருக்குதுங்க!"

ஆனால் படம் காட்டும் கருவிக்கு அவரும் ஒரு சுவர்தானே? எண்கள் அவருடைய கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மேல் விழுந்தன.

"பூஜ்யம்! ஒம்போது! ஏனுங்கண்ணா, செத்த நேரம் அசையாம நில்லுங்க. மிச்சம் ரெண்டும் உங்க வயித்து மேல இருக்குது!"

"சௌந்தர்யா, இது என்ற சொந்த விவரம்!"

"கோழியும் உங்க சொந்தந்தானுங்கண்ணா!"

பின்வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் எழுந்து கண்ணைச் சுருக்கினார். "அம்மிணி, எனக்குத் தெரியுது. மூணு. அப்புறம் ஒண்ணு."

"ஒண்ணா, ஏழுங்களா?"

"ஒண்ணுதான்!" என்றது மண்டபம் முழுவதும், ஒரே குரலில்.

சௌந்தர்யா சொன்னாள். காதில் செல்போனை அழுத்திக்கொண்டு நின்றாள். முந்நூறு பேரும் மூச்சை அடக்கினார்கள். குமாரசாமியும்தான். சட்டையில் எண்கள் மறைந்து, கோழி ஷெட்டின் வரைபடம் மறுபடி அவர் நெஞ்சில் வந்தது. அந்த நேரத்தில் அவருக்கு இரண்டாயிரத்து நாற்பது ஞாபகமில்லை. ஒரு ஷெட்டும் அதன் ஓரக் கூண்டுகளும் மட்டும் கண்முன் நின்றன.

"ஃபேன் ஓடுதாமா!" என்றாள் சௌந்தர்யா.

அன்றைய கருத்தரங்கில் மனதார விழுந்த கைதட்டல் அது ஒன்றுதான். பாதி கைதட்டலிலேயே அவர் மைக்கை வைத்துவிட்டுக் காரை நோக்கி ஓடினார்.

பதினேழு கோழிகள் செத்திருந்தன. ஷெட்டு வாசலில் வரிசையாகக் கிடந்தவற்றைக் குமாரசாமி வெகுநேரம் பார்த்தார். அவராலும் பார்க்க முடிகிறது, பாருங்கள். ஆனால் இனத்தின் குணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"சதவீதத்துல பாத்தா, பூஜ்யம் புள்ளி மூணுதான் புள்ள."

தமிழ்ச்செல்வியின் சேலை முழங்கால் வரை நனைந்து சேறாக இருந்தது. "அதை அதுககிட்டச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் யாரிடமும் கேட்கவில்லை. எலக்ட்ரீசியன் குமரனைக் கூப்பிட்டு, பெட்டியோரமாகச் சாதாரண சுவிட்சு ஒன்றை மாட்டச் சொன்னாள். கீழே அழுத்தினால் ஓடும், மேலே தட்டினால் நிற்கும். குமாரசாமி ஒரு வாரம் அந்தச் சுவிட்சின் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் பண்ணையைப் பார்க்க வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அவர்களை நேராக அந்தச் சுவிட்சின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுதானுங்க புதுசு. மனித விரல் மூலமா நேரடிக் கட்டுப்பாடு. நெட்டு வேண்டாம், நம்பர் வேண்டாம். ரெண்டாயிரத்து நாப்பதுல எல்லாப் பண்ணையிலயும் இதுதான் வரப்போவுது."

நான்கு பேரும் படமெடுத்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற பொன்னன், வாய் பிளந்த ஒரு கோழியைப் பார்த்துவிட்டு, அவர்களை விலக்கிக் கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டான்.

சிரிக்கிறீர்கள். நானெல்லாம் அப்படியில்லை என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடலாம்: நீங்கள் இருக்கும் இடத்தில் இப்போது மேகம் கூடியிருக்கிறதா, வெயில் அடிக்கிறதா?

ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது. கை ஏன் சட்டைப் பைக்குப் போகிறது?