வென்டெல்லும் பசுவும்

நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகையில் வென்டெல் பிரிபில் வாயை ஆவென்று பிளந்துகொண்டிருந்தார். கொட்டாவியின் நடுவில் எடுத்த படம். கீழே, ‘வென்டெல்: எப்போதும் விழிப்புடன்!’

காரை ஓரங்கட்டிய எல்டன் க்ரூகர் தலையில் கை வைத்துக்கொண்டான். நவம்பர் தேர்தலில் மாநில செனட்டுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட ஒரு மாதம்தான் இருந்தது. மூன்று பேர் போட்டியில் வென்டெல் மூன்றாவது. அவருடைய பிரசாரத்தை நடத்துபவன் எல்டன். அதே வென்டெல்லுக்காகத் தனியாக நன்கொடை திரட்டிச் செலவழிக்கும் குழுவின் தலைவி, எல்டனின் மனைவி பெர்னடின்.

இரு தரப்பும் கலந்து பேசக்கூடாது என்பது சட்டம்.

“சாப்பாட்டு மேசையில கூட மூச்சு விடாதீங்க. ரெண்டு பேருக்கும் அபராதம் தீட்டிடுவாங்க” என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

பலகை அவள் வேலைதான். வென்டெல்லுக்காக வேறு யார் காசைக் கரியாக்குவார்கள்? வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் பிரசார இணையதளத்தில் ஊரறிய எழுதலாம். ‘வென்டெல் பால் பண்ணைக்காரர்களோடு சிரித்துப் பழகுபவர்’ என்று எழுதி, சிரித்த படம் ஒன்றையும் போட்டான்.

அந்த வாரமே பலகை மாறியது. சிரிப்பு வந்துவிட்டது. பண்ணைக்காரருக்குப் பதில் பசு வந்திருந்தது. அதன் காதில் ஏதோ ரகசியம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் வென்டெல்.

“பெர்னடின், அந்தப் பசு...” என்று சாப்பிடும்போது வாய் தவறிவிட்டது.

“எந்தப் பசு?”

“ஒண்ணுமில்ல. பொதுவா பசுவைச் சொன்னேன்.”

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதா எல்டன்?” என்று அவன் தட்டில் இன்னொரு சாசேஜை வைத்தாள்.

மறுநாள் இணையதளத்தில் எழுதினான்: ‘வென்டெல் நல்ல குடும்பஸ்தர். மனைவி லவெர்ன் மீது உயிரையே வைத்திருப்பவர்.’

பலகையில் லவெர்ன் வந்து சேர்ந்தாள். பசு போகவில்லை. நடுவில் அது, இருபுறமும் தம்பதி. ‘வென்டெல்லின் உயிர்!’ என்ற எழுத்து சரியாகப் பசுவின் கீழே இருந்தது.

வென்டெல் போன் செய்தார். “ஏன்யா, லவெர்ன் என்னோட பேச மாட்டேங்கிறா!”

“என் வீட்டுலயும் பேச்சு கிடையாது சார். அது சட்டம்.”

இதற்குமேல் எழுதினால் கன்றுக்குட்டியும் வரும் என்று எல்டன் இணையதளத்தை இழுத்து மூடினான்.

ஆனால் ஊர் முழுக்கப் பசுவைப் பற்றியே பேச்சு. ஜனங்கள் அதனோடு நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஓட்டு எண்ணியபோது வென்டெல் மற்ற இருவரையும் மண்ணைக் கவ்வ வைத்திருந்தார்.

மதுக்கடையில் வெற்றி விருந்து. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பெர்னடின், சட்டத்தை மறந்து கணவனைக் கட்டிக்கொண்டாள்.

“பலே ஆளுய்யா நீ! எப்படித்தான் அந்தப் பசு யோசனை வந்துச்சோ!”

எல்டன் அவளை விலக்கிப் பார்த்தான். “எனக்கா? போர்டு வச்சது நீதானே?”

“நானா? என்கிட்ட கொடி வாங்கவே காசில்ல!”

பக்கத்தில் பியர் குடித்துக்கொண்டிருந்த விளம்பரப் பலகைக்காரன் ரூடி திரும்பினான்.

“அதெல்லாம் எதிர்க்கட்சிக்காரங்க காசுங்க. நவம்பர்ல அவங்களால தோற்கடிக்க முடிஞ்ச ஒரே ஆளு இவருதானாம்.”