வேடியப்பனைப் பார்க்க வந்த வேன்

பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கழுத்தில் மாட்டிய அட்டையைக் கழற்றிவிடுவார்கள். தலைக்குள் ஏறியது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சென்னையில் ‘கலை, பாரம்பரியம் வழியே சிற்றூர்ப் பொருளாதாரம்’ என்று ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, எங்கள் ஊரை முன்னேற்றியே தீருவது என்ற முடிவோடு நான் பஸ் ஏறினேன். (ஊர் என்னைக் கேட்கவில்லை. நானும் ஊரைக் கேட்கவில்லை.)

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். ரொம்பப் பழைய ஊர். ஏரிக்கரையில் வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன. மாடுகளை மீட்கப் போய்ச் செத்த வீரன் வில்லும் அம்புமாக நிற்பான். தலைக்கு மேல் வட்டெழுத்து ஓடும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது நடுகல். எங்களுக்கு வேடியப்பன். முன்பெல்லாம் எல்லா பஸ்ஸும் எங்கள் கடைவீதி வழியாகத்தான் போகும். புறவழிச்சாலை போட்ட பிறகு ஒன்றுகூட உள்ளே வருவதில்லை. கடைக்காரர்கள் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதில் நன்றாக அடிவாங்கியது சரோஜா அண்ணியின் மெஸ். அண்ணன் லாரியோடு போனால் எப்போது வருவான் என்று தெரியாது. குடும்பத்தை இழுத்துப் பிடித்திருந்தது அந்த மெஸ்தான்.

“ஆடியோட சாத்திடலாம்னு இருக்கேன் பாப்பா. ஓசூர் கம்பெனி கேண்டீனுக்கு ஆளு எடுக்கறாங்களாம்” என்று அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை. எப்படியாவது அந்த மெஸ்ஸைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். (பாதி பாசம், பாதி அவருடைய கறிக்குழம்பு.)

பெங்களூரில் ஒரு குழு இருந்தது. ஓய்வு பெற்றவர்களும் ஐ.டி. பிள்ளைகளுமாகச் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஊர்களைப் பார்க்கப் போவார்கள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ராவ் என்பவர் அதற்குத் தலைவர். நடுகற்களின் படங்களை அனுப்பினேன். உடனே வருவதாகச் சொல்லிவிட்டார். காலையில் நடுகல், பிறகு கடைவீதியில் புளி, நிலக்கடலை, பித்தளைப் பாத்திரம், மதியம் அண்ணியின் மெஸ்ஸில் சாப்பாடு என்று வரைபடமே போட்டேன். இறங்குகிற ஒவ்வொருவரும் பையைத் திறந்தபடியே நடப்பார்கள் என்பது என் கணக்கு.

ஊருக்குச் சொல்ல வேண்டுமே! வீடு வீடாக, கடை கடையாகப் போனேன். “ஞாயித்துக்கெழம பெங்களூர்லருந்து ஒரு வேன் ஆளுங்க வர்றாங்க. நம்ம வேடியப்பனப் பாக்கறதுக்குன்னே வர்றாங்க” என்றேன். எல்லார் முகமும் மலர்ந்தது. வேடியப்பனுக்குப் பூசை செய்யும் முனுசாமி மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. ‘மக்கள் பங்கேற்பு’ என்று வகுப்பில் சொன்னது இதைத்தான் என்று பூரித்துப்போனேன். சுற்றுலா வேனுக்கு ஒரு மனிதர் ஏன் கண் கலங்க வேண்டும் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எனக்கு இல்லை.

அந்த ஞாயிறு வந்தது. வேனில் டிரைவர் பக்கத்தில் நின்று, மைக்கைப் பிடித்து, “இப்போது நாம் நுழையப்போவது இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஒரு பழைய கடைவீதி” என்றேன். வேன் திரும்பியது. ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. டீக்கடைகூட இல்லை. நடுவீதியில் ஒரு நாய் படுத்திருந்தது. வேனைப் பார்த்து அது எழுந்திருக்கவும் இல்லை.

“பந்த்தாங்களா?” என்று ராவ் தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகக் கேட்டார்.

பதில் சொல்வதற்குள் ஏரிக்கரைப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கிளம்பியது. மொத்த ஊரும் அங்கே நின்றது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் ஓடிவந்தார்கள். ராவுக்குத் தலைப்பாகை கட்டி, நெற்றியே தெரியாமல் குங்குமம் அப்பினார்கள். வட்டெழுத்தைப் பற்றி நான் ஒரு உரை தயார் செய்து வைத்திருந்தேன். பம்பைக்கு முன்னால் அது எடுபடவில்லை. எழுத்து இருந்த இடத்தில் மாலையும் சந்தனமும்தான் இருந்தன.

அண்ணியைத் தேடி ஓடினேன். வேடியப்பன் கற்களுக்குப் பின்னால், மெஸ்ஸின் அண்டா குண்டா அத்தனையும் அடுப்பில் ஏற்றி, களி கிண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணி! மெஸ்ஸு?”

“சாத்திட்டேன்.”

“எதுக்கு அண்ணி?”

“பங்காளிங்க கொலசாமியத் தேடி வந்திருக்கும்போது, கடையத் தொறந்து வெச்சி சோறு விக்கச் சொல்றியா? நாளைக்கு வெளிய தல காட்ட வேணாமா?”

“பங்காளிங்கன்னு யாரு சொன்னா?”

“நீதான வூடு வூடா வந்து சொன்ன!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் வேடியப்பனைப் பார்க்க வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். எந்தக் காலத்திலோ பிழைக்கப் போன குடும்பம் குலதெய்வத்தைத் தேடித் திரும்பி வரும். அன்றைக்குக் கடைகள் சாத்தப்படும். எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. கிடா வெட்டி, ஊருக்கே ஒரே பந்தி. யாரும் யாரிடமும் காசு வாங்கக் கூடாது. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம் எனக்கு ஞாபகம் வரவில்லை. சென்னையில் கேட்டதுதான் வந்தது.

பந்தி ஆரம்பித்தது. சைவக்காரர்களுக்குக் கீரையும் களியும் இருந்தன. பட்டணத்துக்காரர்கள் களியைப் பார்த்து விழிக்கப்போகிறார்கள் என்று நான் பயந்தேன். ராவ் “முத்தே!” என்று கூவினார். அவர் கர்நாடகத்து மண்டியாக்காரர்; அங்கே களிக்கு அதுதான் பெயர். ஒரு துண்டைக் கிள்ளி, உருட்டி, கீரையில் தோய்த்து, பல்லில் படாமல் லபக்கென்று விழுங்கினார்.

“மெல்லாம முழுங்கறாரு பாத்தியா? ரத்தம் எங்க போவும்!” என்று முனுசாமி மாமா என்னை இடித்தார்.

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “மாமா, இவங்க பங்காளிங்க இல்லீங்க. சும்மா கல்லப் பாக்க வந்தவங்க” என்று சொல்லிவிட்டேன்.

கரண்டிகள் நின்றன. அண்ணி என்னையே பார்த்தார். நான் இலைகளைப் பார்த்தேன்.

“நேத்திக்கடன் எதுனா?” என்றார் மாமா.

“இல்லீங்க மாமா.”

“கொழந்த வரம், கல்யாணம், அப்படி?”

“ஒண்ணும் இல்லீங்க.”

மாமா ராவை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணுமே வேணாம்னு இவ்ளோ தூரம் வந்தாங்களா! நம்மாளுங்களே எதுனா வேணும்னாதான வர்றாங்க!” என்றவர், பரிமாறுகிறவரைப் பார்த்துக் கத்தினார்: “என்னா வேடிக்க பாக்கற? இவருக்கு இன்னொரு உருண்ட வையி.”

என் மானம் தப்பியது. பொருளாதாரம் தப்பவில்லை. கிளம்பும்போது அந்த நல்ல மனிதர்கள் எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்று வீதியில் அலைந்தார்கள். மளிகைக்கடை பாஷா பாய் பாதி ஷட்டரைத் தூக்கி, ஆளுக்கொரு புளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, “இன்னிக்கு வாங்கக் கூடாதுங்க” என்று காசை மறுத்துவிட்டார். நிலக்கடலை, மாங்காய், தேங்காய் என்று ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ஊரை வளர்க்கப் போய், இருந்ததையும் வேனில் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

மெஸ்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஓசூருக்குப் போக வேண்டிய அண்ணி, தன் கடைசிப் படி கேழ்வரகையும் என் விருந்தாளிகளுக்குக் களியாகக் கிண்டிப் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“அழுவாத பாப்பா. எல்லாரும் நல்லா சாப்ட்டாங்க இல்ல?” என்றார் அண்ணி.

நான் பொருட்படுத்தாத ஒன்று நடந்திருந்தது. வேன் ஏறும்போது ராவ், இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மாமாவைக் கேட்டிருந்தார். “செய்மொறைதானுங்க. நாங்க போட்டோம், ஒருநாள் நீங்க போடுங்க” என்றார் மாமா. நான்தான் மொழிபெயர்த்தேன், சும்மா ஒரு மரியாதைப் பேச்சு என்று நினைத்து. ராவ் அப்படி நினைக்கவில்லை. வாங்கியதைத் திருப்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஆடி முடிவதற்குள் அண்ணிக்கு ராவிடமிருந்து போன் வந்தது. ஊருக்குப் பந்தி போட அவர்கள் வருகிறார்களாம். அரிசி, பருப்பு, கிடா, பாத்திரம் எல்லாம் எங்கள் வீதியிலேயே வாங்க வேண்டும். சமையல் அண்ணிதான், கூலியோடு. சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்து ஊர்க் கூத்துக் குழு ஆட வேண்டும். சொன்னபடியே வந்து போட்டார்கள். அந்தப் பந்திக்கு அவர்களோடு கூட வந்த இன்னொரு குழுவும் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டது. அவர்களும் திருப்பிச் செய்தாக வேண்டுமே! செய்முறைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. இப்போது வேன் போவதும் வருவதுமாக இருக்கிறது. அண்ணி ஓசூருக்குப் போகவில்லை. உதவிக்கு ஆள் வைத்திருக்கிறார். என் வரைபடம் மெஸ் அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் விரித்துக் கிடக்கிறது.

வேன் வருகிற அன்றைக்கு வீதி இன்றும் சாத்தித்தான் இருக்கும். வியாபாரமெல்லாம் முந்தின நாளே முடிந்துவிடும். வீட்டில் நான் “எனக்கு ஒரு யோசனை” என்று வாயைத் திறந்தால் போதும், “ஷட்டர எறக்குங்க” என்பார் அண்ணி. அண்ணன் லாரியில் இருந்தாலும் போனில் அதையே சொல்வான்.

போன மாதம் இன்னொரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, புறவழிச்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீதிக்குள் நடந்தேன். கழுத்து அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்ட பாஷா பாய், ஒரு கையால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மறு கையில் சரக்குப் பட்டியல் எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: “எத்தன வேனு வருது பாப்பா?”