இசக்கிசெல்விக்குச் சிவப்பு

"யாருலே பச்சைய அமுக்குனது?"

ஒரகடத்திலிருந்து பென்னலூர் போகும் கம்பெனி பஸ்ஸில் பெருமாள்சாமி எழுந்து நின்று கேட்டான். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணி. அவனைத் தவிர ஐம்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் உடனே ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியே ஒரு கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான்தான்பா," என்று டில்லிபாபு கையைத் தூக்கினான். "இப்போ இன்னான்ற?"

"இன்னான்றயா? இசக்கி தோத்துட்டாடே! நூத்தி எம்பது ஓட்டுல தோத்துட்டா!"

"அச்சச்சோ," என்றான் டில்லிபாபு.

இசக்கிசெல்வி அந்தத் தொழிற்சாலையில் கார் கதவுக்கான பூட்டுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த பெண். தென்காசிப் பக்கம். முடுக்கும்போது பாடுவாள். அத்தனை இரைச்சலிலும் அந்தக் குரல் தனியாகக் கேட்கும். அவளுடைய லைன் லீடர்தான் பெருமாள்சாமி. ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் அவளைப் பாடச் சொல்லி வீடியோ எடுத்து, டெல்லி முதல் குமரி வரை எல்லோரும் பார்க்கும் ஒரு டிவி பாட்டுப் போட்டிக்கு அனுப்பிவைத்தான். "எனக்குப் பயமா இருக்குண்ணே," என்று அவள் சொன்னதை அவன் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டான். அவளைத் தேர்ந்தெடுத்து மும்பைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவன் கால் தரையில் இல்லை.

போட்டியின் விதி சுலபமானது. ஞாயிறு இரவு ஏழு மணிக்கு இரண்டு இரண்டு பேராக மோதவிடுவார்கள். ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குப் பச்சை. செல்போனில் அவர்களுடைய ஆப்பில் நமக்குப் பிடித்த நிறத்தை அமுக்க வேண்டும். ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. திங்கள் மாலை ஆறு மணிவரை அமுக்கலாம். மூன்று முறை தோற்றால் வீட்டுக்குப் போகலாம். இசக்கிக்கு முதல் நாளிலிருந்தே சிவப்பு.

முதல் நான்கு வாரம் தொழிற்சாலையில் யாரும் எதுவும் செய்யவில்லை. அவள் பாட்டுக்கு ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் பெருமாள்சாமி எல்லோரிடமும் பேசி, போன் போனாக ஆப்பை இறக்கிக் கொடுத்து, ஆதரவு திரட்டினான். அந்த வாரம் தோற்றுவிட்டாள்.

"செவப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையாடே?" என்று கேட்டான் பெருமாள்சாமி.

"சொன்ன. யார் இல்லன்னா?" என்றான் டில்லிபாபு. "ஆனா லைன்ல சிவப்ப அமுக்கினா இன்னா ஆவும்?"

"லைன் நின்னுரும்."

"நின்னுட்டா?"

"மேனேஜர் ஓடி வருவாரு. அமுக்குனவன் ஒரு பக்கம் வெளக்கம் எழுதணும்."

"மூணு வர்சமா, சிவப்பத் தொடாத, சிவப்பத் தொடாதன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீ. இப்போ திடீர்னு சிவப்பத் தொடுன்னா கை போவுமா? தானா பச்சைக்குப் பூட்ச்சிப்பா."

பஸ்ஸில் பலர் தலையாட்டினார்கள். தங்கள் கையும் தானாகவே போய்விட்டதாகச் சொன்னார்கள். பெருமாள்சாமிக்குக் கோபம் வந்தது. கூடவே, தான் கொடுத்த பயிற்சி இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் அவன் லைன் லீடர். தப்பு நடந்தால் திட்டுவதோடு விடக்கூடாது, மறுபடி நடக்காமல் வழி செய்ய வேண்டும் என்று கம்பெனி செலவில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். அந்த வாரம் உட்கார்ந்து, பூட்டு மாட்டுவதற்கு ஒட்டியிருப்பார்களே, அதே மாதிரி ஒரு செய்முறைத் தாள் தயாரித்தான். படி ஒன்று, போனை எடு. படி இரண்டு, ஆப்பைத் திற. படி மூன்று, சிவப்பை அமுக்கு. பக்கத்தில் போன் படம். பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்புத் தாளிலேயே அச்சடித்து, பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டி பார்க்க அவன் போவது பென்னலூர் லேடீஸ் ஹாஸ்டலுக்கு. இசக்கி தங்கியிருந்த ஹாஸ்டல். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் வார்டன் முனியம்மாள் அவனுக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டிவியை ஜன்னல் பக்கம் திருப்பிவைப்பாள். போனிலேயே பார்க்கலாம்தான். ஆனால் டிவி போட்டியை டிவியில் பார்ப்பதுதான் மரியாதை என்பது அவன் கொள்கை.

நிகழ்ச்சி முழுக்க இந்தியில் நடந்தது. அவனுக்கு இந்தியில் 'அச்சா' மட்டும் தெரியும். அன்றைக்கு இசக்கி பாடுவதற்கு முன்னால் ஒரு குடிசையைக் காட்டினார்கள். ஓலை பிய்ந்த குடிசை. வாசலில் இரண்டு ஆடு. சோகமாக வயலின் வாசித்தார்கள். மேடையில் இசக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடுவர்கள் மூன்று பேரும் அழுதார்கள்.

"யக்கா," என்றான் பெருமாள்சாமி ஜன்னலைப் பார்த்து. "அது யாரு வீடு?"

"இசக்கி வூட்டத்தான் காட்றான் போல," என்றாள் முனியம்மாள்.

"அவுக வீடு மாடி வீடுல்லா? பால் காய்ச்சுறதுக்கு நாம எல்லாரும் வேன் வச்சுப் போனோமே! கறிச்சோறு போட்டாவளே!"

"டிவில காட்னா அது அவுங்க இஸ்டம்பா. நீ பேசாம பாரு."

அவன் பேசாமல் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை மாடி வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை இருந்திருக்கலாம், கேமராக்காரர் பின்பக்கமாக வந்திருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டான்.

மறுநாள் ஆறேகாலுக்கு முடிவு வந்தது. இசக்கி முந்நூற்றுப் பத்து ஓட்டில் தோற்றிருந்தாள். ஆப்பில் அவள் முடிவைக் கேட்கும் காட்சியையும் போட்டிருந்தார்கள். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தோத்துட்டும் சிரிக்கா பாரு. என்ன பெரிய மனசு!" என்றான் பெருமாள்சாமி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தான் ஒட்டிய தாள்களைப் பார்த்தான். "தாள் ஒட்டியிருந்தேனேய்யா. யாரும் படிக்கலையா?"

தரப் பரிசோதனையில் இருக்கும் செல்லக்கனி எழுந்தாள். அவளும் தெற்கத்திப் பெண்தான்.

"படிச்சோம்ணே. ஆனா செவப்புத் தாள் ஒட்டுனா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"பழுதான சாமான். சூப்பர்வைசர் வந்து பாக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. நீங்க செவப்புத் தாள்ல செவப்பு பட்டன் படம் போட்டு ஒட்டிட்டீக. அப்போ அந்தப் பட்டன் பழுதுன்னு நெனச்சுக்கிட்டோம்."

"சரி, பழுதுன்னா அமுக்காம விட்டிருக்கலாம்லா?"

"ஓட்டு வீணாப் போயிரும்லாண்ணே. அதான் பழுதில்லாத பச்சைய அமுக்குனோம்."

பெருமாள்சாமி யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னதில் எங்கேயும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹாஸ்டல் வாசலில் பஸ் நின்றபோது முனியம்மாள் எல்லோருக்கும் சூடாகக் கேசரி கொடுத்தாள்.

"தோத்ததுக்குக் கேசரியா?" என்று கேட்டான்.

"புள்ளைங்க மன்சு ஒடிஞ்சி பூடக் கூடாதுல்ல? நீயும் துன்னு."

தின்றான். முந்திரி நிறையப் போட்டிருந்தாள்.

அந்த வாரம் பெருமாள்சாமிக்கு வேலை ஓடவில்லை. இன்னும் ஒருமுறை தோற்றால் இசக்கி வெளியே, ஜெயித்தால் நேரே பைனல். திரும்பி வந்து அதே இடத்தில் நின்று ஸ்க்ரூ முடுக்குவாள். அந்தக் குரல் இந்த இரைச்சலுக்குள் கிடந்து வீணாகப் போவதை நினைத்தாலே அவனுக்கு நெஞ்சு வலித்தது. அவனுக்குச் சொந்தத்தில் பாட்டு வராது. அவன் வாய் திறந்து பாடினால் ரூமில் இருப்பவர்கள் குளிக்கப் போய்விடுவார்கள். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த வீடியோவை எடுத்ததுதான் என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான்.

சேனலுக்கே கடிதம் போட்டான். 'எங்கள் தொழிலாளர்களால் சிவப்பை அமுக்க முடியாது, ஆகவே இசக்கிசெல்விக்குப் பச்சை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' உங்கள் அன்புக்கு நன்றி, ஞாயிறு ஏழு மணிக்குத் தவறாமல் பாருங்கள் என்று பதில் வந்தது.

தவறாமல் பார்த்தான். இந்த முறை குடிசையோடு, மாலை போட்ட ஒரு போட்டோவையும் காட்டினார்கள். அது இசக்கியின் அப்பா மாதிரி இருந்தது. முந்தாநாள்தான் அவர் பெருமாள்சாமிக்குப் போன் செய்து, செங்கல் விலை ஏறிவிட்டது என்று அரை மணி நேரம் பேசியிருந்தார். பெருமாள்சாமி பதறிப்போய் உடனே அவருக்குப் போன் போட்டான். அவரே எடுத்தார். "நான் டிவி பாத்துக்கிட்டிருக்கேன் தம்பி, அப்புறம் பேசுதேன்," என்று கோபமாக வைத்துவிட்டார். இவனுக்குத் தலை சுற்றியது.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு பஸ் கிளம்பியது. ஆறு மணிக்கு ஓட்டு முடியும். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆகவே பகலில் யாரும் அமுக்கியிருக்க முடியாது. ஞாயிறு ராத்திரியும் அமுக்கிவிடக் கூடாது என்று சனிக்கிழமை பஸ்ஸிலேயே, "திங்கக்கெழம சாயங்காலம் நான் சொல்ற வரைக்கும் யாரும் அமுக்கக் கூடாது," என்று குலசாமி மேல் சத்தியம் வாங்கியிருந்தான். இருப்பது அரை மணி நேரம். பஸ் சிக்னலில் மாட்டியது. அவன் எழுந்தான்.

"எல்லாரும் போன எடுங்க. ஆப்பத் தொறந்து எங்கையில குடுங்க. நானே அமுக்குதேன்."

பஸ்ஸில் ஒரு கலவரம் தெரிந்தது.

"நீ எதுக்கு லீடரே கஸ்டப்பட்ற? நாங்களே அமுக்கிக்கிறோம்," என்றான் டில்லிபாபு.

"வேண்டாம். பச்சைக்குப் பழகுன கை. நீங்க என்ன செய்வீக பாவம்? இந்தத் தடவை ஒண்ணு விடாம நானே செக் பண்ணப் போறேன்."

"என் போன்ல சார்ஜ் இல்லயே."

உடனே டில்லிபாபுவின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் அதை எடுத்து, இது யாருடையது என்பதுபோல் பார்த்தான். பெருமாள்சாமி பிடுங்கிச் சிவப்பை அமுக்கினான்.

இரண்டாவது சீட்டில் ஒருத்திக்கு ஆப் அழிந்துவிட்டிருந்தது. மறுபடி இறக்கி அமுக்கினான். மூன்றாவது சீட்டுக்காரர் போன் காணாமல் போய்விட்டது என்றார், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே எடுத்து அமுக்கினான். செல்லக்கனி தன் போனை டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடியிருந்தாள்.

"இதுக்குள்ள ஏம்மா வச்ச?"

"தூசி படும்னுதாண்ணே."

சாம்பாரைத் துடைத்துவிட்டு அமுக்கினான். யார் முகத்திலும் ஈயாடவில்லை. மூன்றாவது தோல்வி பயம் எல்லோரையும் உலுக்கிவிட்டது, எவ்வளவு பாசம் இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்துக் கடைசி சீட்டு வரை போனான். ஐம்பத்து மூன்றாவது போனை அமுக்கும்போது ஆறுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

ஆறேகாலுக்கு முடிவு வந்தது. பத்தொன்பது ஓட்டில் இசக்கி ஜெயித்திருந்தாள்!

"ஏய்ய்ய்!" என்று கத்தி, எகிறிக் குதித்து, பஸ்ஸின் கூரையில் தலையை இடித்துக்கொண்டான். யாரும் கத்தவில்லை. யாரும் கைதட்டவில்லை. டிரைவர் மட்டும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"ஏலே, ஜெயிச்சுட்டா! இனிமே நேரா பைனல்! இன்னும் மூணு மாசம் மும்பைலதான்!"

செல்லக்கனி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். டில்லிபாபு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "அமுக்கிட்டியேப்பா," என்றான்.

ஆப்பில் இசக்கியின் காட்சி ஓடியது. முடிவைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நடுவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

"ஆனந்தக் கண்ணீர்," என்று பெருமாள்சாமி தன் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினான். அவர் தள்ளி உட்கார்ந்தார்.

பஸ் ஹாஸ்டல் வாசலில் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள். பெருமாள்சாமியும் பின்னாலேயே இறங்கி, கேட்டில் கையில் போனோடு நின்றிருந்த முனியம்மாளிடம் ஓடினான்.

"யக்கா, ஜெயிக்க வச்சுட்டேன்க்கா! அம்பத்து மூணு போன்லயும் நானே செவப்ப அமுக்குனேன்!"

முனியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடப் பாவி, 'கையெழுத்து வாங்கிட்டானுவக்கா, நானா வெளிய வர முடியாது, ஆட்டுக் கொட்டாய வூடுன்றான், அப்பா செத்துட்டார்னு அழச் சொல்றான், எப்டியாச்சும் என்னத் தோக்கடிச்சு இட்டாந்துருங்க, ஆனா அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அது மனசு தாங்காது'ன்னு அந்தப் பொண்ணே என்னாண்ட போன்ல அழுதுச்சுடா, அதுக்குத்தான் இவ்ளோ பேரும் மூணு வாரமா உங்கிட்ட வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்லிகினு பச்சைய அமுக்கினோம்!"