பக்கத்து சீட்டுக்கும் போச்சா?

முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தில் மின்சாரம் மக்கர் பண்ணினால், ஒரு திருப்புளியைத் தொடாமல், ஒரு வயரைத் தடவாமல், கழுத்தை மட்டும் திருப்பியே அதைச் சமாளிக்கக்கூடிய மேதை உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரைக் கேட்காமலே விமானத்தைக் கண்டுபிடித்தது கண்டுபிடித்தவர்களின் அவசரம். அவர்தான் எங்கள் மாமா. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. இனம், 'எல்லாருக்கும் போச்சா' இனம்.

இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வீட்டில் கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவத்தி தேடுவார்கள். இவர்கள் பால்கனிக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்ப்பார்கள். அங்கே விளக்கு எரிந்தால் இங்கே வயிறு எரியும். அங்கேயும் இருட்டு என்றால், 'அப்பாடா, எல்லாருக்கும் போயிருக்கு' என்று காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். கரண்ட் திரும்ப வருமா? அது யாருக்கு வேண்டும்! பல்வலிக்கு டாக்டரிடம் போன மாமா, காத்திருந்த ஒன்பது பேரையும் விசாரித்து, எல்லாருக்கும் கடைவாய்ப் பல்தான் என்று தெரிந்ததும் வலி விட்டுப்போய் வீடு திரும்பியவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு, சீட்டின் முன்னால் இருந்த குட்டித் திரை அணைந்தது. தலைக்கு மேல் விளக்கும் அணைந்தது. கழுத்து இடது பக்கத்துத் திரைக்குப் போயிற்று. ஓடுகிறது. வலது பக்கம் ஜன்னலோரம் அத்தை. அவளுக்கும் ஓடுகிறது. பாதி எழுந்து முன்னும் பின்னும் பார்த்தார். வழுக்கைத் தலைகளுக்கும் கொண்டைகளுக்கும் பிளந்த வாயோடு தூங்குகிறவர்களுக்கும்கூட, நாற்பது திரைகள் பளபளவென்று ஓடுகின்றன. வானத்தில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய விபத்து நடக்க முடியுமா?

மணியை அமுக்கினார். பணிப்பெண் வந்தாள்.

"ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் போச்சு?"

"உங்க சீட்டை மட்டும் சரி பண்ண முடியாது சார். மொத்தமா அணைச்சுப் போடணும். கால் மணி நேரம் எல்லாருக்கும் வராது. அதான் யோசிக்கிறேன்."

"எல்லாருக்குமா?" மாமாவின் முகம் மலர்ந்தது. "யோசிக்காதம்மா. அணைச்சுடு!"

அத்தை அவர் சட்டையைப் பிடித்தாள். அவளுக்கு இது முதல் விமானம். "வேண்டாங்க. இந்தப் படம் ஓடுறதாலதான் காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லங்கறதை மறந்து உக்காந்திருக்கேன். இது நின்னா கத்திடுவேன்."

"அட, எல்லாருக்கும்தானே போகுது!"

பணிப்பெண் நாலு அடி நடந்திருப்பாள். எல்லாத் திரைகளும் ஒரேயடியாக அணைந்தன. மாமா எழுந்து நின்று, தோட்டத்தைப் பார்வையிடும் முதலாளி போல ஒரு சுற்றுப் பார்த்தார். முன்னால் இருட்டு. பின்னால் இருட்டு. எவ்வளவு லட்சணமான இருட்டு!

"அதுக்குள்ள பண்ணிட்டியா? கெட்டிக்காரிம்மா நீ!"

"நான் இன்னும் தொடவே இல்ல சார்."

விமானியின் குரல் வந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு ஜெனரேட்டர் இருக்கு. ரெண்டுல ஒண்ணு நின்னுடுச்சு. இன்னொண்ணு போதும். அதுக்குச் சுமையைக் குறைக்கத்தான் திரை, அடுப்பு எல்லாம் அணைஞ்சிருக்கு. கிட்ட இருக்கற விமான நிலையத்துல இறங்குறோம்."

அத்தை கத்தவில்லை. மாமாவின் மணிக்கட்டில் ஐந்து நகங்களையும் இறக்கினாள். "ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் போயிடுமாங்க?"

ஐம்பத்திரண்டு வருடக் கொள்கை. ஒன்றுக்குப் போனால் பக்கத்தில் இருப்பதற்கும் போக வேண்டும், அதுதானே நியாயம்? மாமா அத்தையின் மேல் சாய்ந்து, ஜன்னல் வழியே இறக்கையை எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பக்கத்தில் இருப்பதற்குப் போய்விடக் கூடாதே என்று அவருக்கு வியர்த்தது.

"ஏம்மா, இன்னொண்ணு ஓடுதுல்ல?"

"ஓடுது சார்."

"முழுசா ஓடுதா?"

"அரைகுறையா எல்லாம் ஓடாது சார். உக்காந்து பெல்ட்டைப் போடுங்க."

உட்கார்ந்தார். "சரி, படத்துல எங்க விட்டே? அந்த டாக்டர் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புறான், அங்கதானே?" என்றார். தன் திரை செத்ததிலிருந்து அவள் திரையைத்தான் ஓசியில் பார்த்திருக்கிறார்! மிச்சக் கதையை அவரே கட்டினார். டாக்டர் காதலியைத் தேடிப் போகிறான். அவள் தெருவில் கரண்ட் போகிறது. அடுத்த தெருவிலும் போகிறது. வில்லன் வீட்டிலும் போகிறது. மொத்தம் பத்தொன்பது பேருக்குக் கரண்ட் போய்ச் சுபமாக முடிவதற்குள் சக்கரம் தரையைத் தொட்டது.

"இதெல்லாம் ஒரு கதையா?" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கையை மட்டும் எடுக்கவில்லை.

வாசகரே, உங்களுக்கு இந்த வியாதி கிடையாதுதானே? பின்னே ஏன், 'நம் வீட்டில் இன்னாருக்கும் உண்டே' என்று இப்போது விரலை மடக்கினீர்கள்?

இதை எழுதி மாமாவிடமே நீட்டினேன். அடிக்க வந்தால் ஓட வசதியாக வாசல் பக்கம் நின்றுகொண்டேன். அவர் நிதானமாகப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க, கழுதை. கணக்குல நீ எவ்வளவு வாங்கின?"

"அது... ஞாபகம் இல்ல மாமா."

"கிளாசுல பெயிலானது எத்தனை பேரு?"

"இருபத்தொண்ணு," என்றேன், அவர் கேட்டு முடிப்பதற்குள்.