கயிறு பிடிக்க ஒரு மச்சான்

வில்பிரட் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் நின்றான். மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

"நீரே பிடியும், பர்னபாஸ்."

பர்னபாஸின் இடது கையில் ஏற்கெனவே ஒரு கயிறு இருந்தது. அதன் மறுமுனையில், கடலுக்கடியில், அவருடைய அக்காள் கணவர் ஜேசுதாசன் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் பிடிக்க? முங்குறவனுக்கு பெஞ்சாதி கூடப்பொறந்தவன்தான் பிடிக்கணும். விட்டா அவ தாலி போயிரும்லா, அந்தப் பயத்துல பிடிப்பான். உமக்கு நான் எதுக்குப் பயப்படணும்?"

நியாயந்தான். 1974இல் சங்கு குளிப்பவர்களை ஆராய்ந்து மானிடவியலில் டாக்டர் பட்டம் தேடி வந்தவனுக்கு இது பொக்கிஷம். ஆனால் சென்னைப் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கரையில உக்காந்து எழுதுற மூணாவது அத்தியாயம் எனக்கு வேண்டாம். முங்கிப் பாத்து எழுதும். இல்லேன்னா ஊருக்குப் போயி உப்பு அள்ளும்."

"எனக்குக் கல்யாணம் ஆயிட்டு," என்று புளுகினான் வில்பிரட்.

"அப்ப மச்சான வரச் சொல்லும்."

மறுநாள் விடுதி நண்பன் செல்வதுரை நாசரேத்திலிருந்து மச்சானாக வந்து இறங்கினான். வள்ளம் நாலு ஆட்டம் ஆடியதும் முகம் வெளுத்தது. பர்னபாஸ் பேச்சுக் கொடுத்தார்.

"தங்கச்சிக்குப் பிள்ளைய எத்தன?"

"எனக்கு ஏதுவே தங்கச்சி?" என்று சொல்லிவிட்டு, வாந்தி எடுக்கக் குனிந்தான் செல்வதுரை.

கரைக்கு வந்ததும் வில்பிரட் பர்னபாஸின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு பேச்சுக்கு நீரே என் மச்சான்னு வச்சுக்கிடும். மச்சான்! மச்சான்!"

கருவாடு காயப்போட்ட பெண்கள் நிமிர்ந்தார்கள். பர்னபாஸுக்குக் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி உண்டு. அவளும் அங்கேதான் நின்றாள்.

"ஏளா பிலோமி, ஒனக்கு ஆளு வந்துட்டான்!" என்று ஒருத்தி கூவினாள்.

மன்னிப்புக் கேட்க வில்பிரட் வீட்டுக்கே போனான். பெண் பார்க்க வந்ததாக ஆயிற்று. பர்னபாஸின் தாய் அந்தோணியம்மாள் தட்டு நிறையத் தொதல் அல்வா வைத்தாள். மறுப்பது மரியாதைக் குறைவு என்று புத்தகத்தில் படித்திருந்ததால் தின்றான். தின்றால் சம்மதம் என்பது புத்தகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "வில்பிரட், பிலோமி திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்."

இது கயிறு பிடிக்க ஆள் தேடியதில் வந்த கல்யாணம் என்ற தடை தெரிந்த ஒரே ஆள் வில்பிரட்தான். எழுந்தான். பெண்கள் பக்கமிருந்து பிலோமி பார்த்தாள். மூன்றாவது அத்தியாயத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அத்தியாயத்தை மட்டுந்தான் நினைத்தான் என்று சொல்வதற்கில்லை.

கல்யாணம் முடிந்த மறுவாரம் வள்ளம் ஏறினான். இடது கையில் ஜேசுதாசனின் கயிறு அப்படியே இருக்க, பர்னபாஸ் வலது கையில் வில்பிரட்டின் கயிற்றைப் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டார்.

"பயமே வேண்டாம், மச்சான்."

"நீரு முங்க மாட்டீரா?"

"எனக்குத் தண்ணி ஆவாது, சளி பிடிச்சிரும். நம்ம வீட்டுல மச்சான்மாருதான் முங்குவாவ."

இடது கைக் கயிறு ஆடியது. ஜேசுதாசன் சங்குப் பையோடு மேலே வந்தார். இத்தனை நாளும் வில்பிரட்டிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர். வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, தாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

"தம்பி, அறுபத்திரண்டுல நானும் மூணாவது அத்தியாயத்துக்குத்தான் இறங்கினேன்."