காடு தழுவிய சொறி ஒழிப்பு விழா

ஒரு காட்டில் சொறி வந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால், அப்படி ஒரு காடே கிடையாது என்று அந்தக் காட்டின் செய்தித்துறை மறுப்பு வெளியிடும்.

முதலில் அது ஒரு நரிக்கு வந்தது. நரி அரிப்புத் தாங்காமல் ஒரு வாகை மரத்தில் முதுகைத் தேய்த்தது. பூரணி என்ற புள்ளிமானின் குட்டியும் விளையாட்டாக அதே மரத்தில் போய்த் தேய்த்தது. கொஞ்ச நாளில் குட்டியின் கழுத்திலும் வயிற்றிலும் முடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்தது. மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டுப் பனியில் முடி இல்லாத குட்டி பிழைக்காது.

பூரணி குட்டியைக் கூட்டிக்கொண்டு நாரை டாக்டரிடம் ஓடியது.

"பயப்படாதேம்மா, இது சாதாரணச் சொறி" என்றார் நாரை. "புங்க எண்ணெய் தடவினாப் போயிடும். ஒருத்தர் போர்த்தின துணியை இன்னொருத்தர் போர்த்தக் கூடாது. கூட்டம் கூடக் கூடாது. அவ்வளவுதான்."

"எண்ணெய் குடுங்க டாக்டர்."

"பானை பானையா வந்து இறங்கியிருக்கு. ஆனா திறக்க முடியாது."

"ஏன், மூடி இறுகிப்போச்சா?"

"ராஜா இன்னும் தொடங்கி வைக்கல."

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காட்டு அரசாங்கத்தை முட்டாள் அரசாங்கம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நாரை எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டது. 'கூட்டம் கூடாதீர்' என்று அழகான அறிவிப்பும் தயாரித்தது. அந்த அறிவிப்பை வெளியிடுவதற்காகத்தான் காட்டிலுள்ள எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டியது.

விழா என்றால் அப்படி ஒரு விழா. சிங்கராஜா தலைமை. சுகாதார மந்திரி கரடியார் வரவேற்புரை. குத்துவிளக்குக்கு எண்ணெய் வாங்க மறந்துவிட்டார்கள். அதனால் மருந்துப் பானையிலிருந்தே புங்க எண்ணெயை மொண்டு ஊற்றி, ஐந்து முகமும் ஏற்றினார்கள். அடுத்தது பொன்னாடை. சிக்கன நடவடிக்கை காரணமாக ஒரே ஒரு பொன்னாடைதான் வாங்கியிருந்தார்கள். கரடியார் போர்த்துவார், படம் எடுப்பார்கள், மேடையை விட்டு இறங்கியதும் அவருடைய உதவியாளர் குரங்கு அதை உருவிக்கொண்டு வந்து மறுபடியும் தட்டில் மடித்து வைக்கும்.

முதல் பொன்னாடை நரிக்கு. நோயை முதன்முதலில் அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்த நரிக்குப் பாராட்டாம். பிறகு அதையே புலிக்குப் போட்டார்கள், காட்டெருமைக்குப் போட்டார்கள், ராஜாவுக்கும் போட்டார்கள். முள்ளம்பன்றிக்குப் போட்டபோது மட்டும் கழற்றக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நன்றியுரை சொன்னவர் பதிலுக்குக் கரடியாருக்குப் போர்த்த வந்தார். கரடியார் பின்வாங்கிக் கைகூப்பினார். "எனக்கெதுக்குங்க? மக்களுக்குப் போடுங்க" என்றார். என்ன எளிமை என்று கூட்டம் உருகிப்போனது.

"எண்ணெய் எப்போ தருவாங்களாம்?" என்று குட்டியோடு வந்திருந்த பூரணி பக்கத்திலிருந்த முயல் அஞ்சலையிடம் கேட்டது.

"ஒவ்வொரு வட்டத்துலயும் தொடக்க விழா நடத்தி முடிச்சப்புறம் தருவாங்களாம்க்கா. வாங்க, பந்திக்கு நேரமாச்சு. கேரட் பொரியலாம்" என்று சொல்லிவிட்டு அஞ்சலை குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியது.

மேடை காலியானது. குத்துவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பூரணி சுற்றுமுற்றும் பார்த்தது. சுடரை ஊதி அணைத்தது. சூடு ஆறும்வரை காத்திருந்தது. பிறகு விளக்கைச் சாய்த்து, மிச்சமிருந்த எண்ணெயையெல்லாம் குட்டியின் மேல் ஊற்றி, மூக்காலேயே அழுத்தித் தடவியது. அன்றைக்கே குட்டியைக் கூட்டிக்கொண்டு யாரும் வராத பாறைச் சரிவுக்குக் குடிபோனது.

மெல்ல மெல்லக் குட்டியின் கழுத்தில் பூனைமுடி அரும்பியது. பூரணி அதை நக்கி நக்கிப் பார்த்து அழுதது.

அதற்குள் மற்ற இடங்களில் வட்டத்துக்கு வட்டம் தொடக்க விழா நடந்தது. எல்லா இடத்திலும் அதே பொன்னாடை. விழா முடிந்த வட்டங்களில் எல்லோரும் உரித்த கோழி போல நடமாடினார்கள். தினமும் கிளி மரத்தில் ஏறி, "புதிதாக முடி கொட்டுவோர் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகிறது" என்று வாசித்தது. உண்மைதான். கொட்ட யாரிடமும் முடி இல்லை.

கடைசியில் ராஜாவின் பிடரி மயிரும் கொட்டியது. தண்ணீர் குடிக்கக் குனிந்த ராஜா, எதிரே யாரோ ஒரு பெரிய பூனை நிற்கிறது என்று நினைத்து உறுமினார். அது தான்தான் என்று தெரிந்ததும் கரடியாரைக் கூப்பிட்டார்.

"குணமானவன் ஒருத்தனையாவது எனக்குக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு நீ மந்திரி இல்லை. மத்தியானச் சாப்பாடு."

கரடியார் காடெல்லாம் ஆள் விட்டுத் தேடினார். பாறைச் சரிவில் முடியோடு ஒரு மான்குட்டி துள்ளுவதாகத் தகவல் வந்தது. மந்திரியே நேரில் வந்துவிட்டார்.

"எப்படிம்மா குணமாச்சு?"

"எண்ணெய்தான் ஐயா. அன்னைக்கு விளக்குல மிஞ்சினதை எடுத்துத் தடவினேன். பானையைத் திறந்து எல்லாருக்கும் குடுங்க. அந்தப் பொன்னாடையை முதல்ல கொளுத்துங்க."

கரடியார் குரலைத் தாழ்த்தினார். "பானையெல்லாம் விளக்குக்கே சரியாப் போச்சும்மா. அப்புறம், அரசாங்க விளக்குலேருந்து எண்ணெய் எடுத்தேன்னு வெளியே சொல்லாதே. திருட்டுக் கேஸ் ஆயிடும். நாளைக்கு உன் குட்டிக்குப் பாராட்டு விழா. ராஜா வர்றார். பொன்னாடை உண்டு."

பூரணி அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தது. போர்த்திப் போர்த்தி, இரண்டு கையும் முழங்கை வரை மொழுமொழுவென்று இருந்தன. மற்றபடி உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. கரடியார் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பொன்னாடையால்தான் ஒட்டுகிறது என்று இவருக்குத் தெரியும், அதனால்தான் அன்றைக்குப் போர்த்திக்கொள்ளவில்லை என்று பூரணிக்குப் புரிந்துபோனது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ராஜா தரும் பொன்னாடையை வேண்டாம் என்று சொன்னால் ராஜ துரோகம். துரோகிக்கு என்ன தண்டனை என்று மானுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் மேடை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. குரங்கு தட்டைக் கொண்டுவந்தது. பொன்னாடையில் பொன் எப்போதோ போய்விட்டது. காட்டிலுள்ள அத்தனை பேருடைய முடியும் அதில் அப்பிக் கிடந்தது. கரடியார் அதை விரித்துக்கொண்டு குட்டியை நெருங்கினார். குட்டி தாயின் காலோடு ஒட்டிக்கொண்டது.

"ராஜா!" என்று பூரணி கத்தியது. "என் குட்டி பிழைச்சது மந்திரி ஐயாவாலதான்! அவர் கை பட்டுத்தான் குணமாச்சு! அவருக்கில்லாத பொன்னாடை எங்களுக்கெதுக்கு?"

சொல்லிவிட்டு, பல் நுனியால் பொன்னாடையைப் பிடுங்கிக் கரடியாரின் கழுத்தைச் சுற்றிப் போட்டது. கைதட்டல் காட்டைப் பிளந்தது. கரடியாரால் கழற்றவும் முடியவில்லை, சொறியவும் முடியவில்லை. ராஜா பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் கரடியார் சிரித்தார்.

"என்ன கைராசி!" என்று ராஜா வியந்தார். "நாளையிலிருந்து காட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மந்திரியே தம் கையால் அந்தப் பொன்னாடையைப் போர்த்த வேண்டும். பச்சைக் குழந்தை உட்பட."

பூரணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. குட்டி காலடியில் நின்றிருந்தது. பூரணி வாயை மூடிக்கொண்டது.

விடிந்ததும் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. வரிசையில் அஞ்சலையும் இருந்தது. அதன் குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் இன்னும் முடி மிச்சமிருந்தது. அதைத்தான் இடுப்பில் வைத்திருந்தது. பூரணியால் தாங்க முடியவில்லை. புதர் மறைவில் வந்து கூப்பிட்டது.

"அஞ்சலை, வேண்டாண்டி. வீட்டுக்குப் போயிடு. நேத்து மேடையில நான் சொன்னது பொய். அந்தத் துணியாலதான் எல்லாருக்கும் ஒட்டுது."

அஞ்சலை ஒரு முறை முறைத்தது.

"நல்லா இருக்குக்கா உங்க நியாயம். உங்க பிள்ளைக்கு முடி வந்தாச்சு. எங்க பிள்ளைக்கு மட்டும் வந்துடக் கூடாதா?"

வரிசை நகர்ந்தது. அஞ்சலை குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு முன்னால் போனது.

நீதி: மேடையில் எதைக் கொடுத்தாலும் பக்கத்திலிருப்பவர் தோளில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிடுங்கள். உண்மையைச் சொல்வதாக இருந்தால் உங்கள் பிள்ளை பிழைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிழைத்த பிறகு சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள்.